பிறப்புச் சான்றிதழும் அடித்தல் திருத்தலும்

ஒரு பழைய வரைபடத்துக்கு அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1 கோடி டாலர் கொடுத்தது. 2003இல் பேரம் முடிந்தது. மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் 1507இல் வெளியிட்ட உலகப்படம் அது; மரக்கட்டை அச்சு, பன்னிரண்டு தாள்கள். 'அமெரிக்கா' என்ற பெயர் முதலில் பொறிக்கப்பட்ட வரைபடம். இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரே பிரதிதான். 2007இல் ஜெர்மன் சான்சலர் ஆங்கெலா மெர்க்கெல் வாஷிங்டனுக்கே வந்து முறைப்படி ஒப்படைத்தார். 'அமெரிக்காவின் பிறப்புச் சான்றிதழ்' என்று கொண்டாடுகிறார்கள்.

சான்றிதழ் என்ற சொல்தான் எனக்கு உதைக்கிறது. கடலோரமே இல்லாத சாந்-தியே என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, சில படிப்பாளிகள் வைத்த பெயர் இது. கூடவே வந்த சிறுநூலில் அதற்கு நியாயமும் சொல்கிறார்கள்: ஐரோப்பாவும் ஆசியாவும் பெண்பெயர் பெற்றவை, ஆகவே அமெரிகோ வெஸ்புச்சி கண்ட நிலமும் பெண்ணாகவே இருக்கட்டுமாம். நிலத்தைப் பெண்ணாக்கிவிட்டால் அப்புறம் நடப்பதற்கெல்லாம் இலக்கணம் தயார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 1513இல் வால்ட்ஸேமுல்லரின் கைவண்ணமாகக் கருதப்படும் இன்னொரு படம் தாலமியின் நூல் பதிப்பில் வருகிறது. அதில் 'அமெரிக்கா' இல்லை. 'அறியப்படாத நிலம்' என்று போட்டு, அதைக் கண்டவர் கொலம்பஸ் என்று குறிப்பும் எழுதியிருக்கிறது. 1516இல் அவரே வெளியிட்ட 'கார்ட்டா மரினா' என்ற பெரிய கடல்வரைபடத்திலும் அந்தப் பெயர் இல்லை. தெற்கே 'கிளிகளின் நாடு'. வடக்கே 'ஆசியாவின் பகுதி'. வைத்தவரே வாபஸ் வாங்கிவிட்டார், ஆனால் அச்சு வாங்கவில்லை. 1507 படம் ஆயிரம் பிரதி போனதாகச் சொல்லப்படுகிறது. 1538இல் மெர்காட்டர் அதே பெயரை வடக்குக்கும் தெற்குக்குமாக நீட்டினார். ஆசிரியன் செத்தான் என்று நாம் பார்த்தை வைத்துப் பக்கம் பக்கமாய் எழுதினோமே, இங்கே ஆசிரியன் உயிரோடு இருக்கும்போதே பிரதி அவன் கையை உதறிவிட்டுப் போயிருக்கிறது. பாதி வேலை பிரதியுடையது. மீதி, அந்தப் பெயரால் ஆதாயம் கண்ட அதிகாரங்களுடையது.

இதைவிட ருசிகரமானது இந்தத் தாள்கள் பிழைத்த கதை. ந்யூரம்பர்க் கணித அறிஞர் யோகான்னஸ் ஷோனர் 1507 படத்தையும் 1516 படத்தையும் ஒரே கட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தார். 1901இல் வோல்ஃபெக் கோட்டையில் யேசுசபைப் பாதிரியார் ஜோசப் ஃபிஷர் கண்டெடுத்ததும் அப்படியேதான். கூற்றும் மறுப்பும் ஒரே அட்டைக்குள் நானூறு வருஷம் கிடந்திருக்கின்றன. இன்று இரண்டும் அதே காங்கிரஸ் நூலகத்தில். கூற்றுக்கு ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழை. மறுப்பைப் பற்றி ஆய்வாளர்களைத் தவிர யார் பேசுகிறார்கள்? ஆவணக் காப்பகம் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, எதற்கு விளக்குப் போடுவது என்று முடிவுசெய்தால் போதும்.

இதற்காக வால்ட்ஸேமுல்லரை மனம் திருந்திய மகானாக்கவும் வேண்டாம். பெயரை எடுத்த அதே 1516 படத்தில்தான் தென்கண்டத்து மக்கள் மனிதமாமிசம் தின்கிறவர்களாக வரையப்பட்டிருக்கிறார்கள். இரண்டு படங்களிலும் அந்த மண்ணின் ஆட்கள் பேசவில்லை. பனாமாப் பகுதியின் குனா மக்களிடம் 'அப்யா யாலா' என்ற சொல் இருக்கிறது. பூர்வகுடி இயக்கங்கள் கண்டம் முழுவதையும் இன்று அப்படித்தான் அழைக்கின்றன. நம் பேச்சில் இன்னும் 'கொலம்பஸ் கண்டுபிடித்தார்'தான்.