பறப்பதும் பழுதுபார்ப்பதும்

மத்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ட்ரோன் விதிகளைப் புதிதாக வகுத்து வெளியிட்டதும், அடுத்த பிப்ரவரியில் முழு ட்ரோன்களை அயல்நாட்டிலிருந்து தருவிப்பதற்குத் தடை விதித்து, அவற்றின் உறுப்புகளுக்கு மட்டும் வாயிலைத் திறந்து வைத்ததும், நம்முடைய பொறியியல் கல்லூரிகளையும் பாலிடெக்னிக்குகளையும் ஐ.டி.ஐ.களையும் உற்சாகப்படுத்திய இரு சம்பவங்கள். வந்து இறங்கும் உறுப்புகளை இங்கே ஒன்றுசேர்த்துப் பறக்கவிட ஆட்கள் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டவுடன், ட்ரோன் கட்டுமானமும் பராமரிப்பும் என்ற பாடம் பல இடங்களில் முளைத்தது. அதன் குணதோஷங்களை நிதானமாக எடைபோடுவதற்குப் போதிய காலம் இப்போது கடந்துவிட்டது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுமானத்துக்குக் கிடைக்கும் கௌரவமும் நேரமும் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை, ஆனால் மாணாக்கன் பெறும் அறிவும் சரி, அவனுடைய பிற்காலச் சம்பாத்தியமும் சரி, பெரும்பாலும் பராமரிப்பையே ஆதாரமாகக் கொண்டவை.

குணத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. தனித்தனி வகுப்புகளில், தனித்தனி ஆசிரியர்களிடம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலப் படித்த மின்னியலும் இயந்திரவியலும் காற்றியக்கமும் கணினி நிரலும் ஒரு முழ அகலமுள்ள சட்டத்தின்மேல் வந்து கூடுவது இந்தப் பாடத்தில்தான். மோட்டாரின்மேல் எழுதியிருக்கும் கே.வி. என்ற எண், ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும், 1000 கே.வி. மோட்டாரை மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், பளுவில்லாத நிலையில் நிமிஷத்துக்குச் சுமார் 11,100 சுற்றுகள் வரும். இதற்கேற்ற ப்ரொப்பெல்லர் எது, அது எழுப்பும் விசை மொத்த எடைக்கு இரு மடங்காவது தேறுமா, தேறாவிட்டால் சட்டத்தை இளைக்கச் செய்வதா பேட்டரியைச் சிறிதாக்குவதா, பேட்டரி சிறிதானால் பறக்கும் நேரம் என்னாவது என்று ஒரு கேள்வி மற்றொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வரும்போது, நான்கு பாடங்களுக்கும் இடையில் கட்டிய சுவர் தானாகவே இடிந்துபோகிறது. மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சுழலும் திசை திரும்பிவிடும் என்பது மும்முனை மின்சாரத்தைப் பற்றிய பாடத்தில் மனப்பாடமாகிக் கிடக்கும் வாக்கியம். ஒரு மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று, யந்திரம் தரையை விட்டு எழும் முன்பே குப்புறக் கவிழ்ந்த அந்த ஒரு நொடியில்தான் அதன் அர்த்தம் பையனுக்குப் புரிகிறது.

சட்டமும் இதற்கு அநுகூலமாகவே அமைந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையம் ஒன்று, முன்அநுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் உள்ள தன் வளாகத்துக்குள்ளேயே ஆராய்ச்சிக்கும் சோதனைக்குமாகப் பறக்கவிடும் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழோ, தனி அடையாள எண்ணோ, பறக்கவிடுகிறவருக்குப் பைலட் சான்றிதழோ வேண்டியதில்லை என்று 2021-ஆம் ஆண்டின் விதிகளே விலக்கு அளித்திருக்கின்றன. உடைத்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பான இந்தச் சலுகையை எத்தனை கல்லூரிகள் முழுமையாக அநுபவிக்கின்றன என்பது சந்தேகம். உடைந்த பொருளுக்குக் கணக்கு எழுத வேண்டிய ஸ்டோர் குமாஸ்தாவின் முகத்தை நினைத்தே பல யந்திரங்கள் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

1949-இல் தொடங்கி, விமானப் பொறியியலைத் தன் முதல் பாடங்களில் ஒன்றாக வைத்துக்கொண்ட குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் அநுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அங்கே உருவான தக்‌ஷா என்ற மாணாக்கர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. (குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார் என்பதால், பத்திரிகைகளுக்கு யந்திரத்தைப் பற்றி எழுத இடம் போதாமற் போயிற்று, அது இருக்கட்டும்.) அத்தகைய குழுவில் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், போட்டித் தேதி தலைக்குமேல் நிற்பதால் விழுந்த யந்திரத்தை அன்றிரவே எழுப்பியாக வேண்டியிருப்பதும், கால அட்டவணை எதிலும் அடங்காத பயிற்சிகள். அதே விஷயத்தை வாரத்துக்கு இத்தனை மணி, ஒரு செமஸ்டருக்கு இத்தனை சோதனை என்று சதுரம் சதுரமாக வெட்டும்போது, முதலில் கழன்று விழுவது பழுதுபார்க்கும் பகுதிதான். ஏனென்றால், பழுது எப்போது வரும் என்று முன்கூட்டி அட்டவணை போட முடியாது.

ஆகவே வகுப்பில் எஞ்சுவது பெட்டியில் வந்த உறுப்புகளைப் படத்தைப் பார்த்துப் பூட்டும் வேலை. பூட்டுவதை நான் இழிவாகச் சொல்லவில்லை. சால்டரிங் முனை நன்கு சூடேறாமல் வைத்த ஈயம் பார்வைக்கு ஒட்டியிருப்பதுபோல் தோன்றினாலும் பறக்கும்போது அதிர்ந்து விட்டுப்போகும் என்பதும், மோட்டாரைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகு சிறிதளவு நீளமாகிவிட்டால் அதன் நுனி உள்ளேயிருக்கும் செப்புச் சுருளைத் தொட்டு மோட்டாரையே எரித்துவிடும் என்பதும், கையால் செய்தவனுக்குத்தான் தெரியும். தோஷம் எங்கே நுழைகிறதென்றால், மோட்டார்களை ஆட்டிவைக்கும் ப்ளைட் கண்ட்ரோலர் என்ற சிறு பலகையில். அவ்வகையைச் சேர்ந்த பிக்ஸ்ஹாக் பலகையும் அதில் ஓடும் ஆர்டுபைலட் நிரலும் திறந்த மூலம். எவரும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். அப்படியிருந்தும் அதை முத்திரையிட்ட பெட்டகம்போல் பாவித்து, யாரோ வீடியோவில் காட்டிய எண்களை அப்படியே பதித்து, பறந்துவிட்டால் திருப்தியும் பறக்காவிட்டால் வேறொரு வீடியோவும் என்று காலங்கழிப்பதைப் பல ஆய்வுக்கூடங்களில் காணலாம்.

பறந்த யந்திரத்தைவிட விழுந்த யந்திரமே நல்ல ஆசிரியன். ப்ரொப்பெல்லரின் ஓரத்தில் நகத்தளவு சிராய்ப்பு ஏற்பட்டால் அதிர்வு கூடுகிறது. அதிர்வு கூடினால் முடுக்கமானி பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய்யை நம்பிய பலகை, தான் கீழே இறங்கிக்கொண்டிருப்பதாக எண்ணி யந்திரத்தை மேலே மேலே ஏற்றிவிடுகிறது. திசைகாட்டியைக் கம்பி பதித்த கான்கிரீட் தளத்தின்மேல் வைத்துச் சரிபார்த்திருந்தால், ஓரிடத்தில் நில் என்று கட்டளையிடும்போது, யந்திரம் நிற்காமல் வட்டமிட்டு, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். இரண்டுக்கும் சாட்சியம் யந்திரம் தானே எழுதி வைக்கும் லாக்கில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைத் திறந்து, எந்த விநாடியில் எந்தக் கோடு முதலில் பிறழ்ந்தது என்று தேடிக் காரியத்திலிருந்து காரணத்துக்கு வழி கண்டுபிடிக்கும் மாணாக்கன் தர்க்க சாஸ்திரத்தையே பயில்கிறான் என்று சொன்னால் மிகையாகாது. பாடத்திட்டத்திலோ இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாலே அதிகம்.

பேட்டரியின் கதை இன்னும் பரிதாபமானது. லிப்போ செல் ஒன்று 4.2 வோல்ட்டில் நிறைகிறது. உபயோகமில்லாமல் வைத்திருக்கும் நாட்களில் அதைச் சுமார் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்காக நிறையச் சார்ஜ் ஏற்றி, தேர்வு முடிந்ததும் அப்படியே பூட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போனால், திரும்பி வரும்போது அது வயிறு உப்பிக் கிடக்கும். எத்தனை முறை சார்ஜ் ஆயிற்று, எந்த செல் மற்றவற்றுக்குப் பின்தங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இருந்தால், பாதிப் பேட்டரிகளாவது பிழைத்திருக்கும். கலியாணப் பந்தலுக்குச் செலுத்தும் சிரத்தையைப் பந்திப் பாத்திரம் கழுவுவதற்கு யார் செலுத்துகிறார்கள்?

இந்த அலட்சியத்தின் விளைவு கல்லூரிக்கு வெளியேதான் தெரிகிறது. இன்றைக்கு மருந்து தெளிக்கும் வேளாண் ட்ரோன் ஊருக்குள் வந்துவிட்டது. 2023 நவம்பரில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு யந்திரம் வழங்குவதோடு, குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி கொடுத்துப் பைலட்டாக்கவும், மின் சாதனப் பழுதிலும் பொருத்தும் வேலையிலும் நாட்டமுள்ள மற்றொருவரை உதவியாளராகத் தேர்ந்தெடுக்கவும் சொல்கிறது. பறக்கவிடுகிறவரோடு பழுதுபார்க்கிறவரும் அருகிலேயே வேண்டும் என்ற உண்மையைத் திட்டம் வகுத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் இன்னும் உணர்ந்தபாடில்லை. மருந்து தெளித்த அன்றைக்கே தொட்டியையும் பம்பையும் நாசிலையும் நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால், மருந்து உலர்ந்து அடைத்துக்கொள்ளும். இணைப்பு முனைகளில் மருந்துத் துளி படிந்தால் அரிப்பு ஏறும். பயிரில் பூச்சி விழுந்திருக்கும் பருவத்தில் நாலு நாள் யந்திரம் நின்றுபோனால், அந்தக் குழு கைக்காசை இழப்பதோடு, கூப்பிட்ட விவசாயியின் நம்பிக்கையையும் இழக்கிறது.

பரிகாரம் என்னவென்று கேட்டால், பரீட்சையை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம் என்பேன். புதிய உறுப்புகளைக் கொடுத்துப் பூட்டச் சொல்வதை விட்டு, வேண்டுமென்றே பழுது வைத்த ட்ரோன் ஒன்றையும் அதன் லாக்கையும் மேஜைமேல் வைத்து, என்ன கோளாறு, எப்படி அறிந்தாய், எப்படித் தீர்த்தாய் என்று கேட்டால், மதிப்பெண்ணுக்காகவாவது மாணாக்கர் அந்த வித்தையைத் தேடிப் போவார்கள். கடினமான கேள்வி, அதைக் கற்பிப்பவர் யார் என்பதே. பேராசிரியர்களில் பலர் சமன்பாட்டில் வல்லவர்கள். எரிந்த பலகையைக் கையிலெடுத்து மோந்து பார்த்தே எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லக்கூடியவர், சென்னை ரிச்சி தெருவின் மாடி அறை ஒன்றில், பட்டம் ஏதுமின்றி உட்கார்ந்திருக்கிறார். பட்டம் இல்லாத அநுபவசாலிகளையும் ஆசிரியராக அமர்த்தலாம் என்று யு.ஜி.சி. 2022-இல் வழி திறந்தது உண்மைதான். ஆனால் அந்த வழியில் நுழைவதற்குக் குறைந்தது 15 ஆண்டு அநுபவம், அதுவும் கூடுமானால் உயர்ந்த பதவியில், வேண்டும் என்கிறார்கள். இந்த நாட்டில் வேளாண் ட்ரோனைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே இன்னும் அத்தனை வயதாகவில்லை.