எந்தக் கடலுக்குப் போகிற தண்ணீர்?

துடியலூரில் யாரிடமாவது கோழிக்கோடு கடற்கரைக்கு வழி கேட்டால், "வாளையாறு தாண்டிப் பாலக்காட்டு வழியா நேராப் போயிருங்க. எதுக்குங்க மலையச் சுத்தோணும்?" என்பார்கள். டீசல் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் விட்டுக் கிடக்கிறது.

ஆனால் ஊருக்கு நடுவே ஓடும் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து ஊட்டி, கூடலூர் போய், நாடுகாணிச் சுரம் இறங்கி, நிலம்பூர் வழியாகவும் அதே கடலைத் தொடலாம். ஒரு பகல் முழுக்க வேண்டும். நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் பாட்டில்களை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

மலைப் பயணம் என்றதும் 'வியூ பாயிண்ட்'டில் நிறுத்திப் படம் எடுத்து ஏறிக்கொள்வது வழக்கம். இந்த வழிக்கு அது போதாது. ஒவ்வொரு பாலத்திலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: கீழே ஓடும் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது?

கல்லாற்றில் விடை சுலபம். கல்லாறு பவானியில் சேர, பவானி காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகிறது. வண்டி மேற்குக் கடலை நோக்கி ஏற, பக்கத்துத் தண்ணீர் கிழக்குக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

பர்லியாறில் மங்குஸ்தான் சீசன் இருந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். வாங்கத் தெரிந்தவர்கள் பழத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறுத்திருக்கும், கொட்டையும் குறைவு. விரலால் அழுத்தினால் ஓடு கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு.

குன்னூரையும் ஊட்டியையும் நிற்காமல் கடந்துவிடலாம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக் கூட்டத்தைப் பார்க்கத் துடியலூரிலிருந்து வர வேண்டியதில்லை.

பைக்காராவில் நின்றே ஆக வேண்டும். 1932-ல் இங்கே பிறந்த மின்சாரம்தான் கோவையில் பஞ்சாலைகள் பெருகக் காரணம். அந்த நீரும் மோயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது. அதாவது, இன்னமும் கிழக்குத்தான்.

நடுவட்டத்தில் காற்று மாறும். கொய்னா மருந்துக்காகச் சின்கோனா மரங்களை வெள்ளைக்காரர்கள் வளர்த்த ஊர் இது. சீனக் கைதிகளை அடைத்த பழைய சிறையும் இங்கே உண்டு. தென்மேற்குப் பருவமழை மோதும் பக்கம் என்பதை மரத்தண்டுகளில் படர்ந்த பாசியே சொல்லிவிடும். கொங்குச் சீமை ஏன் காய்கிறது என்று புரிய இதைவிட நல்ல இடம் கிடையாது: மழையின் பெரும்பங்கை இந்தச் சரிவே வாங்கிக்கொள்கிறது.

கூடலூர்ப் பக்கம் ஓடும் பாண்டியாற்றில்தான் விடை மாறுகிறது. அது மேற்கே இறங்கி, கேரளத்தில் புன்னப்புழையாகிச் சாலியாற்றில் கலக்கிறது. அங்கிருந்து வண்டியும் தண்ணீரும் ஒரே திசை.

நாடுகாணிச் சுரத்தில் எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குவது நல்லது. பிரேக்கை மட்டும் நம்பினால் கருகல் வாடை வரும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட. கண்ணாடியை இறக்கிவிட்டால் சில்லிப்பு போய் வெக்கை ஏறுவது கையில் தெரியும். கனமழை நாட்களில் மண்சரிவு அபாயம் உண்டு. மழை ஓய்ந்த பிறகு போவதே உத்தமம்.

நிலம்பூரில் கானலி தோட்டம் இருக்கிறது. மலபார் கலெக்டர் கானலி 1840-களில் போட்ட தேக்கங்காடு, உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம். தேக்குத் தடிகள் ஒரு காலத்தில் சாலியாற்றில் மிதந்தே கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

கோழிக்கோட்டுக்கு முன்னால் பேப்பூருக்குத் திரும்பலாம். 'உரு' என்னும் மரக்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். சாலியாறு அங்கேதான் அரபிக் கடலில் சேர்கிறது. பொழுது சாயும் நேரத்தில் கல்கரையில் உட்கார்ந்தால், பழுப்பு நிறத்தில் வரும் ஆற்றுத் தண்ணீரில் பாண்டியாற்றின் பங்கும் இருக்கும்.