உடன்கட்டை ஏறும் திரை

மானிட்டருக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரும் அடங்கிய ஐமேக்கைப் பார்த்தால் உங்களுக்கு ஆசை வரும். வரட்டும். பர்ஸைத் திறக்குமுன் ஒரு கணக்கு. நல்ல திரை பத்து வருஷம் உழைக்கும். பிராசஸர் அதற்கு முன்பே மூச்சு வாங்கும். 2014-ல் வந்த 27 அங்குல 5கே ஐமேக்கின் திரையில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடிப் புள்ளிகள். அபாரம்! ஆனால், உள்ளே இருப்பது கிழடானதும் அதை இன்னொரு கம்ப்யூட்டருக்கு மானிட்டராக மாட்ட ஆப்பிள் வழி வைக்கவில்லை. 2009-ன் 27 அங்குல மாடலில் அந்த வசதி இருந்ததுதான் வேடிக்கை. திரையும் உடன்கட்டை ஏறவேண்டியதுதான்.

2022 மார்ச்சில் ஆப்பிளே 27 அங்குல ஐமேக்கை நிறுத்திவிட்டு, மேக் ஸ்டூடியோவையும் திரையையும் தனித்தனியாக விற்க ஆரம்பித்தது. மேஜையில் இடமில்லை, ஒயரே ஆகாது என்பவர்கள் ஒன்றாக வாங்குங்கள். மற்றவர்கள் திரைக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். பெட்டியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.