அபூர்வம் என்ற அளவுகோல்

தமிழில் ‘அருமை’ என்ற சொல்லோடு ஒரு சங்கடம் கூடவே பிறந்திருக்கிறது. ‘அரிது’ என்பதன் உடன்பிறப்பு அது. கிடைப்பதற்கு அரியது எதுவோ அதுவே அருமையானது என்று நம் முன்னோர் எந்தக் காலத்திலோ முடிவு கட்டிவிட்டார்கள். ‘அபூர்வம்’ என்ற வடசொல்லின் கதையும் இதுதான். முன்பு இல்லாதது என்று அதற்குப் பொருள். ஆனால் ஒருவரை அபூர்வமான மனிதர் என்று சொன்னால் நல்ல மனிதர் என்றே எடுத்துக்கொள்கிறோம். பேச்சுக்கு இது போதும். விலை பேச உட்காரும்போதுதான் இரண்டு அர்த்தங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பம் செய்கின்றன.

இந்தக் குழப்பத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் பழைய வீடியோ கேம் யந்திரங்களையும் கேசட்டுகளையும் சேகரிக்கிறவர்களிடம் போக வேண்டும். தபால் தலை, நாணயம் சேகரிப்பதைப்போல இதுவும் இன்று உலகம் முழுவதும் பரவிவிட்ட ஒரு பொழுதுபோக்கு. நாற்பதைத் தாண்டிய என் வயதுக்காரர்கள், சிறுவயதில் டெலிவிஷனோடு இணைத்து ஆடிய பெட்டிகளை இப்போது தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. மனிதன் எதை எதையோ சேர்த்து வைக்கிறான். இளமையைச் சேர்த்து வைக்க முயல்வது அப்படி ஒன்றும் கெட்ட காரியம் இல்லை. என் புகாரெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் அளவுகோலைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் 1977-ல் வெளிவந்த அடாரி யந்திரத்தின் கேசட்டுகளுக்கு அதன் ரசிகர்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் எண். ஒன்று என்றால் எங்கும் கிடைப்பது. பத்து என்றால் கண்ணால் காண்பதே பாக்கியம். ஆட்டம் எப்படி, ஆடினால் மனசுக்கு என்ன ஆகிறது என்பது அந்த எண்ணில் வராது. பட்டியல் போட்டவர்கள் அப்படி வருமென்று சொல்லவும் இல்லை. பட்டியலைப் படிக்கிறவன்தான் எண்ணை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறான். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காலால் மிதித்து ஓடி விளையாடும் ஒரு பாயோடு, ‘ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்’ என்ற ஓட்டப்பந்தய விளையாட்டை 1987-ல் அமெரிக்காவில் பாண்டாய் கம்பெனி வெளியிட்டது. அந்தப் பாயின் உரிமையை நிண்டெண்டோ எடுத்துக்கொண்டது. கடைகளில் இருந்த பிரதிகள் திரும்பிப் போயின. மறு வருஷம் ‘வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்’ என்று பெயரை மாற்றி அதே விளையாட்டு வந்தது, ஏராளமாக விற்றது. இன்று முதல் பெயர் ஒட்டிய கேசட்டுக்குப் பல ஆயிரம் டாலர். இரண்டாவது பெயர் ஒட்டியதைச் சில டாலருக்கு வாங்கிவிடலாம். உள்ளே ஓடுகிற பையன் அதே பையன். ஓடுகிற பாதையும் அதே பாதை. அப்படியானால் வாங்கியவர் எதற்குப் பணம் கொடுத்தார்? மேலே ஒட்டிய காகிதத்துக்கு.

இன்னொன்று, ‘ஈ.டி.’ என்ற விளையாட்டு. ஸ்பீல்பெர்கின் சினிமா 1982-ல் சக்கைப்போடு போட்டது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும் என்று ஐந்தே வாரத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். விற்காமல் தேங்கியதில் ஒரு பகுதியை 1983-ல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் மற்றக் கேசட்டுகளோடு சேர்த்துப் புதைத்தார்கள். 2014-ல் அதைத் தோண்டி எடுத்தார்கள். மண் படிந்து நசுங்கிப்போன அந்தக் கேசட்டுகள் நூற்றுக்கணக்கில் விலைபோய், மொத்தத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நல்ல நிலையிலுள்ள அதே விளையாட்டைச் சொற்ப விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் இது நடந்தது. ஆடத் தகுந்ததற்கு விலை இல்லை, புதையுண்டதற்கு விலை! இதை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். குப்பையில் கிடந்த பிரதிக்கு ஒரு கதை இருக்கிறது. கதைக்குப் பணம் கொடுக்கிறவர்களை ஒரு நாவலாசிரியன் குறை சொல்வது நன்றிகெட்ட காரியம். ஆனால் அதை அபூர்வம் என்று சொல்லாமல் கதை என்றே சொல்லட்டும்.

உண்மையில் ஒரு பொருளைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்கலாம். எத்தனை செய்தார்கள்? எத்தனை மிஞ்சியிருக்கின்றன? எத்தனை பேருக்கு அது வேண்டும்? 1990-ல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்காகச் செய்த கேசட்டுகளில் வெளியே போனவை சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. இங்கே முதல் கேள்விக்கே பதில் முடிந்துவிடுகிறது. ‘சூப்பர் மாரியோ 64’ அப்படி இல்லை. 1996-ல் வந்து ஒரு கோடிக்கும் மேல் விற்ற விளையாட்டு அது. அதன் பிரிக்கப்படாத ஒரு பிரதி 2021 ஜூலையில் பதினைந்து லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும் விழுங்கிவிட்ட இடம் இது. கேசட்டைக் கண்ணாடிபோன்ற பெட்டியில் அடைத்து, பத்துக்கு இவ்வளவு என்று சான்று ஒட்டித் தரும் நிறுவனங்கள் தோன்றின. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் மீது, விலையைச் செயற்கையாக ஏற்றியதாகக் குற்றம் சாட்டி 2022-ல் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது.

பிரிக்கப்படாதது என்பதில் இத்தனை மோகம் ஏன்? புதுச்சேரிப் பக்கம் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைக் கையாண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து அட்டையில்லாப் பதிப்புகளில் தாள்கள் மடித்தபடியே இருக்கும். வாசிக்கிறவன்தான் கத்தியால் பக்கங்களைக் கீறிக்கொள்ள வேண்டும். நூறு வருஷம் கழித்தும் கீறப்படாத புத்தகம் கிடைத்தால் வியாபாரி சந்தோஷப்படுவான். எழுதியவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. நூறு வருஷமாக ஒருத்தரும் படிக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. உறை பிரிக்காத விளையாட்டும் அப்படித்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1987-ல் அமெரிக்காவுக்கு வந்த ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா’ கேசட்டுக்குள், ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடருவதற்காக ஒரு சிறிய பாட்டரி இருக்கிறது. பிரிக்கப்படாத பிரதி ஒன்று 2021-ல் எட்டு லட்சத்து எழுபதாயிரம் டாலருக்குப் போயிற்று. உறை பிரியாவிட்டாலும் பாட்டரிக்கு வயதாகாமலா போகும்? வெளியே மினுமினுப்பு, உள்ளே, நினைவு வைத்துக்கொள்ளும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவை விட்டு நம் ஊருக்கு வருவோம். தவளக்குப்பத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அந்த எண்களால் என்ன பிரயோஜனம் என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் நிண்டெண்டோ யந்திரம் ‘சாமுராய்’ என்ற பெயரில் உரிமம் பெற்று விற்றது. சேகாவின் ‘மெகா டிரைவ்’ யந்திரத்தை ஷா வாலஸ் கம்பெனி 1995-ல் 18,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் பதினெட்டாயிரம் ரூபாயை ஒரு விளையாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கக்கூடிய வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை இருந்திருக்கும்? நடுத்தரக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்ததெல்லாம் ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயர்களில் விற்ற நகல் யந்திரங்களும், சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களிலிருந்து வந்த மஞ்சளும் நீலமுமான நகல் கேசட்டுகளும்தான். கேசட்டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய ஆட்டங்கள், ஆரம்பத்தை மாற்றி மாற்றித் திரும்ப வரும். அந்த மோசடியையும் சேர்த்தே நாங்கள் ரசித்தோம்.

மேல்நாட்டு விலைப்பட்டியலில் இந்தக் கேசட்டுகளுக்குப் பெரிய இடம் கிடையாது. போலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். சட்டப்படி அது சரிதான். ரசனையின் சரித்திரத்தில் அது சரியில்லை. நாம்கோ 1985-ல் வெளியிட்ட ‘பாட்டில் சிட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பையன்களுக்கு அது ‘டாங்க்கு கேம்’. செங்கல் சுவர்களுக்கு நடுவே கழுகுச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும். இருவர் சேர்ந்து ஆடலாம். வேண்டுமானால் சுவர்களை நாமே கட்டிக்கொண்டு புதுக் களமும் அமைக்கலாம். அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுச் சமாதானமாக அதைவிட நல்ல ஆட்டம் நான் பார்த்ததில்லை. நிண்டெண்டோவின் வீட்டு யந்திரத்துக்காக அமெரிக்காவில் அது வெளியிடப்படவே இல்லை. சிங்க வளையம் தாண்டும் ‘சர்க்கஸ் சார்லி’யும் அப்படியே. அமெரிக்கப் பையன் அறியாத ஜப்பானிய விளையாட்டுகளை நகல் கேசட்டின் புண்ணியத்தில் நம் தெருப் பையன்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். இப்படி நமக்கென்று ஒரு ரசனைப் பட்டியல் உருவாயிற்று. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கேசட்டுகள் எத்தனை விற்றன, யார் செய்தார்கள், எந்த வருஷம் என்பதற்குப் பெட்டியில்கூட விவரம் கிடையாது. எங்கும் இருந்தவை, அதனாலேயே யாரும் பத்திரப்படுத்தவில்லை. உள்ளே கறுப்புப் பசை உருண்டைக்கு அடியில் சில்லைப் புதைத்திருப்பார்கள். கெட்டால் பழுது பார்க்க வழியில்லை. தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரின் சாக்குப் பையில் அவை போய்ச் சேர்ந்தன. தங்க நிறக் கேசட்டு 26 என்று ஒரு கணக்காவது உண்டு. எண்ணிக்கையே இல்லாமல் அழிந்துபோனதை ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண்ணில் வைப்பது?

தவளக்குப்பத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் அரிக்கமேடு இருக்கிறது. 1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆசிரியர் அங்கே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். அவருக்குத் துணை செய்தவை சிவப்பு மெருகேற்றிய இத்தாலிய மண்பாண்டத்தின் உடைந்த சில்லுகள். இத்தாலியில் அந்த வகை ஓடு சாதாரணம். நம் ஆற்றங்கரை மண்ணில், இன்ன அடுக்கில் அது கிடைத்தது என்பதுதான் தென்னிந்திய சரித்திரத்துக்கே ஒரு காலக்கணக்கைக் கொடுத்தது. ஆகவே அபூர்வம் பொருளுக்குள் இருப்பதில்லை. பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள உறவில் இருக்கிறது. இன்ன கடையில், இன்ன வருஷம், இன்ன விலைக்கு வாங்கி, இன்னார் வீட்டில் ஆடினோம் என்ற குறிப்போடு இருக்கும் ஒரு நகல் கேசட்டு, குறிப்பில்லாத பத்துக் கேசட்டுக்குச் சமம்.

சேகரிப்பின் நோக்கம் என்ன என்பதற்கு நமக்கு ஒரு பெரிய முன்மாதிரியும் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். ஒரே ஒரு பிரதிதான் உலகத்தில் உண்டு என்பது அவருக்குப் பெருமையாகப் படவில்லை, கவலையாகப் பட்டது. பல பிரதிகள் வேண்டும், ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்க வேண்டும், பிறகு அச்சிட்டு எல்லோர் கையிலும் சேர்க்க வேண்டும். 1887-ல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தபோது அந்த நூலின் அபூர்வத்தை ஒழித்தார் என்று சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா மற்றொரு வகை. பெரிய புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் பிறர் குப்பை என்று எறிந்ததையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இந்த இருவரும் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சேகரிப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் சரித்திர அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. செய்த கம்பெனிகள் கைவிட்டதைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள்தான். சில்லிலிருந்து விளையாட்டைப் படியெடுத்து வைப்பவர், வீங்கிய மின்தேக்கிகளை மாற்றி யந்திரத்துக்கு உயிர் கொடுப்பவர், இவர்களை நான் ஏடு பெயர்த்து எழுதியவர்களோடு வைத்துத்தான் நினைக்கிறேன். ஆனால் இவர்களும் உறை பிரிக்காமல் பூட்டி வைப்பவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். அது விமர்சனத்துக்கு அடுக்காது.

நம் பக்கத்துச் சேகரிப்பாளருக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. வாத்துச் சுடும் ஆட்டம் நினைவிருக்கிறதா? அந்தத் துப்பாக்கி பழைய குழாய் டெலிவிஷனோடுதான் வேலை செய்யும். இன்றைய தட்டைத் திரை முன் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்து விழாது. தவளக்குப்பத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் கடலூர் மாவட்டம். தமிழ்நாட்டில் 2006 முதல் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்த பதினான்கு அங்குலக் குழாய் டெலிவிஷன்கள் அங்கே இன்னும் பரண்களில் தூசி படிந்து கிடக்கலாம். பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டும் இருக்கலாம். எந்தப் பட்டியலிலும் அதற்கு எண் இல்லை. அதில் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து, ஒரு நகல் கேசட்டைச் சொருகி, தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறவர் யாரோ, அவரிடம் இருப்பதைத்தான் நான் அருமையான சேகரிப்பு என்பேன். மற்றதெல்லாம் முதலீடு.