மட்டை பிடிக்காத கைக்கும் வேலை உண்டு

டேபிள் டென்னிஸில் மட்டை பிடிக்காத கையைப் பற்றி விதிகள் சொல்வது மிகக் குறைவு. சர்வீஸின்போது விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தைக் குறைந்தது 16 செ.மீ. மேலே எழுப்பிய உடனே அந்தக் கை பந்துக்கும் வலைக்கும் இடைப்பட்ட வெளியை விட்டு விலகிவிட வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கையில் அது மேசையின் மேற்பரப்பைத் தொட்டால் புள்ளி எதிராளிக்குச் சேரும். மற்ற நேரங்களில் அது எங்கே இருப்பது என்பது ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. பேக்ஹேண்ட் அடிகளில் அந்த விருப்பத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறவருக்கும் கையைத் தொங்கவிடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு, அடித்த பந்தைவிட அதற்கு அடுத்த பந்தில்தான் வெளிப்படுகிறது.

ஃபோர்ஹேண்டில் இக்கையின் வேலை எளிதில் புலப்படும். வலக்கை ஆட்டக்காரரின் இடுப்பும் தோளும் வலப்புறம் திரும்பும்போது இடக்கை உடலுக்குக் குறுக்கே முன்வந்து, அடிக்கும் கணத்தில் இடப்புறம் இழுபட்டு, சுழற்சிக்கு வேகம் கூட்டுகிறது. பேக்ஹேண்டிலோ மட்டை வயிற்றுக்கு முன்னாலிருந்து புறப்பட, முழங்கையை அச்சாகக் கொண்டு முன்கை விரிவதால், தோள்கள் அவ்வளவாகத் திரும்புவதில்லை. இதனால் மறு கைக்கு இங்கே வேலையே இல்லை என்று தோன்றலாம். ஆனால் மட்டைக்கை இடமிருந்து வலமாக விரைந்து விரியும்போது, அதன் எதிர்விளைவாக உடற்பகுதி இடப்புறம் திரும்ப முற்படுகிறது. அத்தருணத்தில் இடக்கை சற்றே இடப்புறமாக விலகினால், திரும்பும் அந்த உந்தத்தை அதுவே ஏற்றுக்கொள்ள, தோள்கள் மேசையை நோக்கியபடி நிலைத்து நிற்கின்றன.

இந்த விலகல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அடியின் வலிமையே தீர்மானிக்கிறது. எதிராளியின் வேகத்தை அப்படியே திருப்பி அனுப்பும் பிளாக்கில், முழங்கை மடிந்து, கை ஏறத்தாழ மட்டையின் உயரத்தில் உடலுக்கு முன்னால் நின்றாலே போதும். மேசையிலிருந்து பின்வாங்கி, கால்களின் உந்துதலோடு முன்சுழற்சி ஏற்றி அடிக்கும் டாப்ஸ்பினில், இடது முழங்கை நன்றாகவே பின்னோக்கிச் செல்லும். ஒற்றைக்கை பேக்ஹேண்ட் ஆடும் டென்னிஸ் வீரர்கள் மறு கையை முழுவதுமாகப் பின்னே நீட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான் என்றாலும், டேபிள் டென்னிஸ் அதற்கு அவகாசம் தருவதில்லை. 2.74 மீட்டர் நீள மேசையை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கடக்கும் பந்துக்கு 0.18 விநாடியே தேவைப்படுவதால், தொலைவில் வீசப்பட்ட கை திரும்பி வருவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

மேசைக்கு மேலேயே குட்டையாக விழும் பந்தை மணிக்கட்டின் சுழற்சியால் எடுக்கும் பேக்ஹேண்ட் ஃபிளிக்கில் சிக்கல் கூடுகிறது. வலது கால் மேசைக்கு அடியில் நுழைய, மட்டைக்கையின் முழங்கை உயர்ந்து, உடல் முன்சாயும்போது, தடுமாறும் ஆட்டக்காரர் இடக்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளப் பார்க்கிறார். அங்கே விதி அவரைப் பிடித்துவிடுகிறது. மேசையின் செங்குத்தான பக்கவாட்டு விளிம்பைத் தொடுவது மட்டும் குற்றமாகாது, ஆனால் அந்தத் தொடுகையால் மேசை நகர்ந்தாலும் புள்ளி போய்விடும். கையை முன்கூட்டியே இடப்புறமாகப் பின்னே விலக்கிச் சமநிலை பெறுவதே இதற்குத் தீர்வு.

பொதுவாகக் காணப்படும் பிழைகள் இரண்டு. கை தொடையருகே தொங்கினால் அந்தப் பக்கத்துத் தோள் தாழ்ந்து, மட்டையின் பாதை சாய்கிறது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டால், பின்னிழுப்பின்போது மட்டை வந்து சேர வேண்டிய இடத்தை அது அடைத்துவிடுகிறது.

இவ்வாறு சொல்வதால் உள்ளங்கையும் விரல்களும் இன்றியமையாதவை என்று பொருளாகாது. வலது முன்கை இல்லாமல் பிறந்து, இடக்கையால் ஆடும் போலந்தின் நடாலியா பார்டிகா, 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலும் களமிறங்கினார். சர்வீஸுக்குப் பந்தை அவர் வலது முழங்கை மடிப்பில் வைத்து எழுப்புகிறார். உடல் குறைபாட்டால் சர்வீஸ் விதியை நிறைவேற்ற இயலாதவருக்கு அதைத் தளர்த்த நடுவருக்கு அதிகாரமும் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே வலக்கையை இழந்த பிரேசிலின் ப்ரூனா அலெக்சாண்ட்ரே 2024இல் பாரிஸில் அவ்விரு போட்டிகளிலும் ஆடினார். கை செய்யும் எதிர்ச்சமன் வேலையை இடுப்பும் கால்களும் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அவருடைய ஆட்டமே சான்று.

ஆகவே, விரல்கள் இப்படி இருக்க வேண்டும், முழங்கை இத்தனை பாகை மடிய வேண்டும் என்று ஒரே வார்ப்பைத் திணிப்பதில் பயிற்சியாளருக்குப் பயனில்லை. அவர் பார்க்க வேண்டியது, பேக்ஹேண்ட் முடிந்த கணத்தில் தோள்கள் நிலைத்திருக்கின்றனவா, அந்த நிலையிலிருந்தே ஃபோர்ஹேண்டுக்கு உடலைத் திருப்ப முடிகிறதா என்பதைத்தான். பேக்ஹேண்டையும் ஃபோர்ஹேண்டையும் மாறி மாறி ஆடும் பயிற்சியில் ஃபோர்ஹேண்ட் தொடர்ந்து தாமதமானால், பிழையை மட்டைக்கையில் தேடுமுன் மறு கை நின்ற இடத்தைக் கவனிப்பதே முறை.