பந்து தெரியும், காற்று தெரியாது

அதிதி அசோக் டோக்கியோவில் ஒலிம்பிக் பதக்கத்தைத் தவறவிட்ட காலை பலருக்கு நினைவிருக்கும். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றுவிட்டதால் காலைச் செய்தி பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் கோல்ஃபை அதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்த ஆட்டம் அது. புதுச்சேரிக் கடலோர ஊரான நல்லவாட்டில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கடலுக்குப் போய்க் கரையேறிய சித்தப்பா நடுவில் வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தின் விதி எதுவும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மூணு பேர்ல நம்ம பொண்ணு மட்டும் ஏம்பா எப்பப் பாத்தாலும் முதல்ல அடிக்குது?"

அன்றைய ஆட்டத்தின் சாரமே அந்தக் கேள்விதான். குழியிலிருந்து யாருடைய பந்து அதிகத் தூரத்தில் கிடக்கிறதோ அவர் முதலில் அடிப்பது கோல்ஃபின் வழக்கம். அதிதியுடன் கடைசிக் குழுவில் ஆடியவர்கள் அமெரிக்காவின் நெல்லி கோர்டாவும் நியூசிலாந்தின் லிடியா கோவும். கோர்டா அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்தார்; அதிதி 200ஆவது இடத்தில். அந்த ஆண்டு கொரோனா வந்து உடல் பலம் குறைந்திருந்த அதிதி, களத்தில் இருந்த 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். கோர்டா சின்ன இரும்பு கிளப்பை எடுத்து அடிக்கிற இடத்துக்குப் பல கஜம் பின்னால் நின்று, பெரிய கிளப்பால், குழியைச் சுற்றிய புல்தரையான அதே கிரீனை நோக்கி அதிதி அடித்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் அவருடைய அடிகள்: 67, 66, 68, 68. மொத்தம், நிர்ணயித்த அடிக் கணக்கான பாருக்கு 15 குறைவு. தங்கம் வென்ற கோர்டா 17 குறைவு. வெண்கலம் பெற்ற கோ 16 குறைவு. அதிதிக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு அடி.

திரையில் இந்தக் கதை தெரியவில்லை. கேமரா ஒவ்வொருவரையும் ஒரே அளவுக்கு நெருக்கமாகக் காட்டியது, பந்து பறந்தது, கிரீனில் விழுந்தது. மூன்று பேரும் ஒரே இடத்திலிருந்து அடித்ததுபோல இருந்தது. பின்னால் நின்று அடிப்பவரின் சுமையை லென்ஸ் துடைத்துவிடுகிறது. அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாததால், காசுமிகசேக்கி மைதானத்தில் அந்தத் தூர வித்தியாசத்தைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர். அதிதியின் பையைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நடந்த அவருடைய அம்மா அவர்களில் ஒருவர்.

நேரில் பார்ப்பதா, தொலைக்காட்சியில் பார்ப்பதா என்று கேட்டால் கிரிக்கெட்டில் பதில் எளிது: நேரில் ஆரவாரம், வீட்டில் மறு ஒளிபரப்பு. கோல்ஃபில் அந்தக் கணக்கு செல்லாது. இதில் மைதானமே நூறு ஏக்கருக்கு மேல். 18 குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். பெரிய போட்டியின் முதல் நாளில் 150 பேர் ஆடினால், ஆளுக்கு 70 அடி என்று வைத்தாலும் பத்தாயிரத்துக்கு மேல். மூன்று பேர் கொண்ட ஒரு குழுவோடு நாள் முழுக்க நடக்கிற ரசிகர் பார்ப்பது அதில் 200 சொச்சம். ஐந்து மணி நேரம், எட்டுப் பத்து கிலோமீட்டர் நடை, வெயில், முன்னால் நிற்பவரின் தொப்பி. வெற்றியைத் தீர்மானிக்கிற அடி இன்னொரு மூலையில் நடந்து முடிந்திருக்கும். போட்டியில் யார் ஜெயிக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால் வீட்டில் இருப்பதே நல்லது; இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் எதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள்? பந்து எங்கே விழுந்தது என்பதைத் திரை சொல்லும். அந்த அடிக்கு முன்னால் ஆட்டக்காரர் எதைக் கண்டு பயந்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதைத் தரைதான் சொல்லும். கோல்ஃபில் அடி என்பது ஒரு விநாடி. முடிவெடுப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒளிபரப்பு வேறு குழிக்குத் தாவுகிறது.

மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அகஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1934 முதல் ஒரே மைதானத்தில் நடப்பதால், திரையில் பார்த்துப் பார்த்து ரசிகர்களுக்கு மனப்பாடமான இடம். ஆனாலும் அங்கே முதல் முறை போகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இவ்வளவு மேடும் பள்ளமும் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. 10ஆவது குழியில் தொடக்கத்திலிருந்து கிரீன் வரை முப்பது மீட்டருக்கு மேல் இறக்கம். 18ஆவது குழி மூச்சு வாங்கும் ஏற்றம். கேமரா அதையெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் தட்டையாக்கிவிடுகிறது. சரிவில் நிற்கும்போது ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. பந்து காலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது இடமோ வலமோ வளையும். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஏன் இவ்வளவு கோணலாக அடித்தார் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறோம். அவர் நின்ற இடத்தில் நாம் நின்றால் கீழே விழாமல் இருப்பதே பெரிய காரியம்.

அகஸ்டாவில் இன்னொன்று இருக்கிறது. கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. மின்னணுத் திரையும் கிடையாது. பெரிய பலகைகளில் ஆட்கள் கையால் எண்களை மாற்றுகிறார்கள். அதனால் அங்கே செய்தி காது வழியாகப் பரவும். மரங்களுக்கு அப்பாலிருந்து எழுகிற கூச்சலின் அளவை வைத்தே யாரோ பர்டி (ஒரு குழியில் பாருக்கு ஒன்று குறைவு) அடித்தார், யாரோ அதைவிடப் பெரிதாகச் சாதித்தார் என்று கூட்டம் ஊகிக்கும். பிறகு பலகையில் எண் மாறும்வரை எல்லாரும் அண்ணாந்து காத்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் ரோரி மெக்கில்ராய் அங்கே கூடுதல் குழியில் ஜஸ்டின் ரோஸை வென்று, கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான நான்கு மேஜர் பட்டங்களையும் முழுமையாக்கினார். 13ஆவது குழியில் எளிதான பந்தை ஓடைக்குள் போட்டதும், 15இல் மரங்களை வளைத்துக் குழிக்கு அருகே நிறுத்தியதும் வீட்டில் இருந்த நமக்கு அடுத்தடுத்துத் தெரிந்தன. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அதைச் சத்தமாகத்தான் அனுபவித்திருப்பார்கள். எது பெரிய அனுபவம் என்று கேட்டால், நான் சத்தத்தின் பக்கம்.

நம் ஊருக்கு வருவோம். மேஜர் போட்டி எதுவும் இந்தியாவில் நடந்ததில்லை. அதற்கு மிக நெருங்கி வந்தது 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த டி.பி. வேர்ல்ட் இந்தியா சாம்பியன்ஷிப். பரிசுத் தொகை 40 லட்சம் டாலர். மெக்கில்ராய் வந்தார், டாமி ஃபிளீட்வுட் வந்தார், ஷேன் லௌரி, விக்டர் ஹோவ்லண்ட் வந்தார்கள். பழைய கல்லறை மண்டபங்களும் மயில்களும் உள்ள அந்த லோதி மைதானம், நீளத்தில் இன்றைய பெரிய மைதானங்களுக்கு முன்னால் குறைவுதான். கஷ்டம் அகலத்தில். பந்து போக வேண்டிய பாதையான ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் புதர். உள்ளே போன பந்தை மறந்துவிட வேண்டியதுதான். இதைப் பார்த்த மெக்கில்ராய், போட்டி தொடங்கும் முன்பே, இந்த வாரம் மிக அதிகத் தூரம் அடிக்கிற கிளப்பான டிரைவரைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். உலகத்தில் டிரைவரை அவரைப்போல அடிக்க ஆளில்லை. அவரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த ஒரு அடியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதையே உறைக்குள் வைத்துவிட்டார்.

வீட்டில் பார்த்தவர்களில் பலர் ஏமாந்ததாகச் சொன்னார்கள். திரையில் ஃபேர்வே தாராளமாகத்தான் தெரிந்தது. மேலிருந்து எடுத்தால் எந்தச் சந்தும் சாலையாகத் தெரியும். ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றால்தான் எதிரே எவ்வளவு குறுகல் என்பது புரியும். ஃபிளீட்வுட் அந்தக் குறுகலை நான்கு நாளும் மதித்து ஆடினார். மூன்றாம் நாள் முடிவில் ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமா இரண்டு அடி முன்னிலையில் இருந்தார். கடைசி நாளில் 65 அடித்து, பாருக்கு 22 குறைவு என்ற கணக்கில் ஃபிளீட்வுட் இரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பா ஜெயித்ததும் கிரீனுக்குள் ஓடிப்போக வேண்டும் என்று அவருடைய மகன் ஃபிராங்கிக்கு நெடுநாள் ஆசை. அவன் ஓடினான். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டியது தொலைக்காட்சி. ஐந்தாவது வரிசையில் நின்றவருக்கு அது கிடைத்திருக்காது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரை தோற்கிற இடங்களில் பெரியது காற்று. ஒரு கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பி, சுழன்றுகொண்டே உயரத்தில் போகிற அந்தப் பந்து காற்று சொன்னபடிதான் இறங்கும். இப்போது ஒளிபரப்பில் பந்தின் பாதையை நிறக்கோடாகப் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல கண்டுபிடிப்பு, அது இல்லாமல் வானத்தில் பந்தைத் தேடவே முடியாது. ஆனால் கோடு ஏன் வளைந்தது என்பதைக் கோடு சொல்லாது. ஆட்டக்காரர் புல்லைக் கிள்ளி வீசுகிறார், மர உச்சியைப் பார்க்கிறார், குழியிலுள்ள கொடியைப் பார்க்கிறார், பை சுமக்கும் கேடியுடன் பேசுகிறார், எடுத்த கிளப்பைத் திருப்பி வைக்கிறார். தரையில் காற்று அடங்கியிருக்கும். மரத்துக்கு மேலே வேறு திசையில் வீசிக்கொண்டிருக்கும்.

இதை நல்லவாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இங்கே அலை உயரத்தையும் காற்றின் நிலையையும் ஒலிபெருக்கியில் சொல்லிவந்த காலத்தில், அதைக் கேட்டவர்கள் யாரும் கேட்டவுடன் படகைத் தள்ளிவிடவில்லை. கேட்டார்கள், கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு கரையில் போய் நின்று வாடையா கொண்டலா என்று முகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார்கள். தொலைக்காட்சி கோல்ஃப் அந்த ஒலிபெருக்கி. தகவல் முழுசாக இருக்கும், உயிரையே காக்கும் அளவுக்கு உதவும். ஆனால் கரையில் நிற்பதற்கு அது ஈடாகாது.

இந்திய கோல்ஃபின் வரலாறே இதற்குச் சாட்சி. 1964இல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். ஆண்டு 1991, இடம் அதே டெல்லி கோல்ஃப் கிளப். 1993இல் மறுபடியும் வென்றார். அவர் கேடியாக இருந்து வளர்ந்தவர். 2009இல் குருகிராமில் நடந்த அதே போட்டியை கொரியாவின் லீ சுங்கைக் கூடுதல் குழியில் வீழ்த்தி வென்ற சி. முனியப்பா, பெங்களூரில் பை தூக்கியவர்.  மற்றவர்களின் பையைச் சுமந்தபடி இரண்டடி தூரத்திலிருந்து பார்த்த ஆயிரக்கணக்கான அடிகள்தான் இவர்களுக்குப் பாடம். மதில் வைத்த கிளப்புகளுக்குள், உறுப்பினர் அல்லாத ஏழைப் பையனுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் அந்தப் பைதான். கோல்ஃபை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. அதனால்தான் அவர்கள் ஜெயித்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொலைக்காட்சி அந்த மதிலைக் கொஞ்சம் இடித்தது. எங்கள் தெருவுக்குள் கோல்ஃப் வந்ததே அதனால்தான். ஆனால் போட்டி நடக்கிற வாரத்தில் மட்டும் நிஜமான கதவே திறக்கிறது. சென்னை நந்தனத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சென்னை ஓப்பன் நடக்கும்போது, இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேராகக் கடைசிக் குழிக்கு ஓடாதீர்கள். முதலில் பயிற்சி இடத்துக்குப் போங்கள். ஒரே ஆள் ஒரே கிளப்பால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அடிப்பதைக் கால் மணி நேரம் பாருங்கள். பந்து கிளம்புகிற சத்தம் எந்த ஒலிவாங்கியிலும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு பெயர் தெரியாத ஒருவரின் குழுவோடு ஒன்பது குழி நடங்கள். கூட்டம் இருக்காது. அவரும் கேடியும் பேசுவது காதில் விழும். அவர் கையில் எடுத்து, பிறகு திருப்பி வைக்கிற கிளப்பைக் கவனியுங்கள். மதியத்துக்கு மேல் கால் வலித்தால் முன்னணி ஆட்டக்காரர்களின் எண்களைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிபரப்பு செய்கிறவர்களிடம் கேட்பது மூன்று. காற்றின் திசையையும் வேகத்தையும் திரையின் மூலையில் எப்போதும் வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், ஆட்டக்காரரின் பின்னாலிருந்து அவர் கண் மட்டத்தில் ஒரு காட்சி காட்டுங்கள். கேடியின் பெயரையும் எழுதுங்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று: போட்டிக்கு முந்தின பயிற்சி நாளில், அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு, பார்வையாளர்களைத் தடுக்கும் கயிறு வரைக்கும் வர அனுமதியுங்கள். புதுச்சேரியின் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் அதற்கு ஒரு பேருந்து போதும்.