ஷாவோலின் சாக்கர்: நம்பகத்தன்மையும் கதை ஓட்டைகளும்

'ஷாவோலின் சாக்கர்' 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்காங் நகைச்சுவைத் திரைப்படம். ஸ்டீபன் சோவ் இதை இயக்கியதோடு, சிங் என்னும் முதன்மைப் பாத்திரத்திலும் நடித்துள்ளார். ஷாவோலின் குங்ஃபூ கற்றும் பிழைப்புக்குத் திண்டாடும் ஆறு பேர், முன்னாள் கால்பந்து வீரர் ஃபங்கிடம் பயிற்சி பெற்றுக் கோப்பையை வெல்வதே கதை. ஆங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதை இது பெற்றது.

இயற்கைக்கு மாறானவை

உதைத்த பந்து தீப்பிழம்பாகப் பறக்கிறது. வீரர்கள் வானில் எழும்பி நிற்கிறார்கள். மெய்யான கால்பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரைதான். ஆட்டத்தின் நடுவே பந்து பழுதானால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனாலும் இவற்றைக் கதை ஓட்டைகள் எனக் கொள்வது பொருந்தாது. குங்ஃபூவால் எதுவும் கூடும் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பார்ப்பவரும் அதற்கு உடன்பட்டே தொடர்கிறார்.

மூயின் வருகை

இறுதிப் போட்டியில் வீரர்கள் காயமுற்று வெளியேற, மூய் என்னும் பெண் தலையை மழித்துக்கொண்டு வந்து கோல் காவலராக நிற்கிறாள். மாற்று வீரர்களின் பெயர்களை ஆட்டம் தொடங்குமுன்பே நடுவரிடம் தந்திருக்க வேண்டும். பெயர் தரப்படாதவர் ஆட முடியாது. விதிப்படி இது பிழை. எனினும் கதைப்படி குறையில்லை. அவள் தாய்ச்சிக் கலையால் மாவு பிசைவதை முன்பே கண்டவர்களுக்கு, அவள் பந்தை அடக்குவது வியப்பாக இராது.

உண்மையான ஓட்டை

வில்லன் ஹூங்கின் வீழ்ச்சியில்தான் கதை சறுக்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஃபங் கையூட்டு வாங்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அதன்பின் அடியாட்கள் அவர் காலை முறித்தனர். அவர்களை ஏவியவரும் ஹூங்தான். நடுவர் முதல் கால்பந்துச் சங்கம்வரை எல்லாரும் தம் ஆட்களே என்று ஹூங் பெருமை பேசுகிறார். அப்படியானால் தம் வீரர்களுக்கு ஊக்கமருந்து ஏற்ற வேண்டிய தேவை என்ன? கைக்குள் இருக்கும் நடுவர் எதிரணியின் வெற்றிக் கோலைச் செல்லாது என அறிவிக்கத் தடை என்ன? இவற்றுக்குப் படத்தில் விடையில்லை. ஹூங் பதவியிழந்து ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார் என்பதை ஒரு செய்தித்தாள் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. யார் துணிந்து புகார் செய்தார், யார் விசாரித்தார் என்பது தெரிவதில்லை.

மதிப்பீடு

நகைச்சுவைப் படத்தில் இவ்வளவு கேட்கலாமா என்று தோன்றலாம். ஃபங்கின் முறிந்த காலைப் படமே வேடிக்கையாகக் கருதவில்லை. பணமும் பதவியும் ஒரு விளையாட்டு வீரனின் வாழ்வைக் குலைக்கும் விதத்தை அது மெய்யாகவே காட்டுகிறது. அந்தக் கொடுமைக்கு நடைமுறையில் நிகழக்கூடிய காரணங்களைச் சொன்ன கதை, அது தண்டிக்கப்படுவதற்கும் அத்தகைய காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பந்தின் வேகத்தால் எதிரணியைத் தோற்கடிக்கலாம். ஊழல் பிடித்த ஒரு சங்கம் அந்த வேகத்தால் மட்டும் திருந்திவிடாது. படம் தரும் சிரிப்பும் ஆட்டக் காட்சிகளின் விறுவிறுப்பும் இதனால் குறையவில்லை. ஃபங்கின் துயரத்துக்குக் கிடைக்கும் நீதிதான் ஒரு செய்தித் துணுக்காகச் சுருங்கிப்போகிறது.